குண்டுக்குப் பூண் போடுவது: கேஸ் செக் பொருத்தும் முறை

உலக்கையின் அடியில் இரும்புப் பூண் எதற்கு? வெறும் மரம் உரலில் இடித்துக்கொண்டே இருந்தால் அடி பிய்ந்து சிலும்பாகிவிடும். ஈயம் உருக்கி வீட்டில் வார்க்கும் ரைஃபிள் குண்டுக்கும் அப்படி ஒரு பூண் உண்டு. அதுதான் கேஸ் செக் (gas check), அதாவது வாயுத் தடுப்பு. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய செம்புக் கிண்ணம். குண்டின் அடியில் கவ்விக்கொண்டு அதனுடனேயே பறக்கும்.

தொடங்குமுன் ஒரு விஷயம். நான் இருப்பது டெக்சாஸில். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்கத்தான் உரிமம் வேண்டும். இந்தியாவில் கதை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரிலிருந்து படிப்பவர்கள் சும்மா படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், செய்து பார்க்க வேண்டாம். அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். உதாரணமாக, கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு அறவே கூடாது.

சொற்களையும் முதலிலேயே பிரித்துக்கொள்வோம். பறந்து போகிற உலோகத் துண்டு குண்டு. குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், பித்தளைக் கூடு நான்கும் சேர்ந்தது தோட்டா. கேஸ் செக் குண்டோடு சம்பந்தப்பட்டது.

இது என்ன வேலை செய்கிறது?

மருந்து எரியும்போது குண்டின் அடியில் மிகுந்த அழுத்தத்தோடு சூடான வாயு மோதுகிறது. குண்டு குழலைவிட்டு வெளியேற ஆயிரத்தில் ஓரிரு விநாடிதான் ஆகும். அந்த நேரத்துக்குள் அடிப்பகுதி உருகிப்போகிறது என்று பலர் சொல்வார்கள். உருக அவகாசம் ஏது? நடப்பது வேறு. குண்டுக்கும் குழல் சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் வாயு அதில் புகுந்து, ஈயத்தின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போகிறது. சீவிய ஈயம் குழலில் அப்பிக்கொள்ளும், குறி சிதறும். அடியில் செம்புக் கிண்ணம் இருந்தால் ஓரம் மழுங்காது. குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் திருகு வரிகளையும் அது ஈயத்தைவிட உறுதியாகப் பிடிக்கும், போகிற வழியில் கொஞ்சம் சுரண்டிக்கொண்டும் போகும்.

செக் இல்லாத ஈயக் குண்டை விநாடிக்கு 1,200, 1,400 அடி வேகம் வரை பெரிய தலைவலி இல்லாமல் சுடலாம். செக் போட்டால் 2,000 அடியைத் தொடலாம். 30-30 மாதிரியான பழைய மான் வேட்டை ரைஃபிளுக்கு அது தாராளம். கடையில் வாங்கும் 170 கிரெயின் எடையுள்ள செப்புறைக் குண்டே 2,200 அடி வேகத்தில்தான் போகிறது. இந்த யோசனை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. குண்டு அச்சுகள் செய்த ஐடியல் நிறுவனத்தை நடத்திய ஜான் பார்லோ கொண்டுவந்தது. 1925இல் அந்த நிறுவனத்தை லைமன் நிறுவனம் வாங்கியது.

படி 1: குழலை அளந்து பாருங்கள்

புதிதாக வருபவர்கள் தாண்டிக் குதிக்கிற படி இது. நானும் குதித்தேன். செக் போட்டாயிற்று, இனி ஈயம் அப்பாது என்ற தைரியத்தில் 0.308 அங்குல டையில் (குண்டை நெருக்கி ஒரே அளவாக்கும் எஃகு அச்சுத் துளை) நூறு குண்டு தள்ளி எடுத்தேன். இருபது சுட்டதும் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால், சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) ஒட்டிச் சாம்பல் நிறத்தில் பட்டைப் பட்டையாக ஈயம். என் பழைய மார்லின் 336 ரைஃபிளில், வரிகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தின் விட்டம் 0.309 என்பது அளந்த பிறகுதான் தெரிந்தது. குண்டு குழலைவிடச் சின்னது. எத்தனை செக் போட்டு என்ன பயன்?

அளப்பது சுலபம். துப்பாக்கி காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்யுங்கள். குழலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். குழலைவிடச் சற்றே தடித்த, சுத்த ஈயத் தூண்டில் குண்டு ஒன்றைக் குழல் வாயில் வைத்து மரச்சுத்தியால் தட்டி உள்ளே இறக்குங்கள். பிறகு பித்தளைக் கம்பியால் மெல்லத் தள்ளி மறுபக்கம் எடுத்து, அதன் அகலமான இடத்தை மைக்ரோமீட்டரில் அளங்கள். வெர்னியர் காலிப்பர் இதற்குப் போதாது. வந்த அளவோடு ஆயிரத்தில் ஒன்று, இரண்டு அங்குலம் கூட்டினால் உங்கள் குண்டின் அளவு. எனக்கு 0.310.

படி 2: ஈயமும் அச்சும்

இங்கே சொல்வது காரீயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம், இதற்கு நேரெதிர். காரீயம் நஞ்சு. வார்க்கிற இடத்துக்கும் சமையலறைக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஈயம் பட்ட கரண்டியோ பாத்திரமோ திரும்ப அடுப்படிக்கு வரவே கூடாது. காற்றோட்டமான இடம், மூடிய காலணி, தோல் கையுறை, கண்ணாடி. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் காபி டம்ளரைத் தொட வேண்டும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அது நொடியில் ஆவியாகி, சட்டி முழுவதையும் உங்கள் முகத்தில் வாரி இறைக்கும். மழைத் தூறலில் வார்க்காதீர்கள். ஈரமான ஈயக் கட்டியைக் காயாமல் சட்டியில் போடாதீர்கள்.

உலோகத்துக்கு நான் நம்புவது பழைய கார்ச் சக்கரங்களில் மாட்டும் ஈய எடைத் துண்டுகளை. அவற்றில் சுமார் 3 சதவீதம் ஆண்டிமனி இருக்கும். சுத்த ஈயத்தின் கடினம் பிரினெல் கணக்கில் 5 என்றால் இது 10, 12 வரும். இதற்கு மேல் கடினம் தேடி அலைய வேண்டாம். இப்போதெல்லாம் துத்தநாகத் துண்டுகளும் கலந்து வருகின்றன, அவை சட்டியில் விழுந்தால் வார்ப்பே கெடும். கம்பி வெட்டும் கொறடால் ஓரத்தைக் கடித்துப் பாருங்கள். ஈயம் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், துத்தநாகம் கொறடின் பல்லை வழுக்கும். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். ஆகவே சட்டியை 400க்குள் வைத்திருந்தால், தப்பிப் போன துத்தநாகத் துண்டு உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம்.

அச்சு வாங்கும்போது கேஸ் செக் அச்சுதானா என்று பாருங்கள். இந்த அச்சில் வார்த்த குண்டின் அடி, படி வெட்டியதுபோல ஒடுங்கியிருக்கும். செக் உட்காரும் இடம் அதுதான். அடி ஒரே அகலமாக வரும் சாதா அச்சுக் குண்டில் வழக்கமான செக் ஏறாது. நான் வைத்திருப்பது லீ நிறுவனத்தின் சி309-170-எஃப். முதலில் இருக்கும் சி என்ற எழுத்து செக்கைக் குறிக்கும். மூக்கு தட்டையான வடிவம். 30-30 ரைஃபிளில் தோட்டாக்கள் குழாய் மாகசினில் (தோட்டாக்களை அடுக்கும் குழாய்) ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். கூர் மூக்கு முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரைக் குத்தி வெடிக்கவைக்கலாம். அதனால் தட்டை மூக்கை மாற்றாதீர்கள்.

இனி கவனிக்க வேண்டிய இடம். இந்த அச்சில் ஈயத்தைக் குண்டின் அடிப்பக்கமாகத்தான் ஊற்றுகிறோம். மேலே தேங்கும் உபரி ஈயத்தை அச்சின் வெட்டுத்தகடு சீவுவதும் அதே இடத்தில்தான். ஈயம் இறுகுமுன் அவசரப்பட்டு வெட்டினால் அடியின் நடுவில் குழி பிய்ந்து வரும். தகட்டின் திருகு தளர்ந்திருந்தால் ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். செக் அந்தப் பிசிறின் மேல் ஏறி, ஒரு கால் குட்டையான முக்காலி மாதிரி சாய்ந்து உட்காரும். உபரி ஈயத்தின் மேல்பரப்பு பளபளப்பு மங்கிப் பனி படிந்ததுபோல் மாறும். அதன் பிறகு இரண்டு மூன்று எண்ணிவிட்டு வெட்டுங்கள். அடி சரியில்லாத குண்டைத் தயங்காமல் சட்டியிலேயே திரும்பப் போடுங்கள். மூக்கில் சின்னச் சுருக்கம் இருந்தால் மன்னிக்கலாம், அடியில் இருந்தால் கூடாது.

படி 3: செக் வாங்குவது

குழல் அளவுக்கேற்ற செக் கேளுங்கள்: 30, 35, 44 என்று தனித்தனியாக வரும். ஹார்னடி செக்குகள் ஆயிரம் கொண்ட பெட்டியாகக் கிடைக்கும். அவற்றின் விளிம்பு சற்றுத் தடிப்பு. டைக்குள் அழுந்தும்போது அந்த விளிம்பு ஈயத்தைக் கடித்துக்கொண்டு பிறகு விடாது. கடிக்காமல் சும்மா மாட்டிக்கொள்ளும் பழைய ரகமும் உண்டு. பறக்கிற வழியில் சிலது கழன்று விழும், சிலது ஒட்டியிருக்கும். ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு மாதிரி போனால் குறி எப்படிச் சேரும்? கடிக்கிற ரகத்தையே வாங்குங்கள். அலுமினிய செக்கும் வேலை செய்யும், விலையும் குறைவு.

படி 4: பொருத்துவது

செக்கைக் கவிழ்த்துக் குண்டின் அடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சரியான சோடி என்றால் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு 'டக்' என்று உட்காரும். தட்டையான மேசைமேல் நிற்கவைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. தளர்வாகத் தொங்கினாலும் பரவாயில்லை, டை இறுக்கிவிடும். ஏறவே மறுக்கிறதா? சுத்தியை எடுக்காதீர்கள். முதலில் பிசிறைத் தேடுங்கள். பிசிறும் இல்லையென்றால் செக்கின் வாயைக் கூம்பான கம்பியால் லேசாக விரித்துக்கொடுங்கள்.

அடுத்து மசகு. திரவ ஆலாக்ஸை மிக மெல்லிதாகப் பூசி ஓர் இரவு காயவிடுங்கள். நிறைய பூசினால் நல்லது என்று நினைத்து எண்ணெயில் பொரித்த பஜ்ஜி மாதிரி ஆக்கிவிடுவார்கள். குண்டின் நிறம் லேசாகப் பழுத்தால் போதும்.

பிறகு அளவு டை. பிரஸ்ஸில் (நெம்புகோலால் அழுத்தும் கருவி) டையைத் திருகி, குண்டை அடி கீழாக, மூக்கு மேலாக ராமின் (மேலெழும் தண்டு) மேல் நிறுத்தி, நெம்புகோலை ஒரே சீராக இழுங்கள். குண்டு மூக்கு முதலில் டைக்குள் நுழையும், கடைசியாகச் செக் நுழையும். அந்தக் கடைசி இடத்தில் கைக்கு ஒரு கனம் தெரியும். விளிம்பு ஈயத்தைக் கடிக்கிறது என்று அர்த்தம். அங்கே நிறுத்தி நிறுத்தி இழுத்தால் செக் சாயலாம். எல்லாம் முடிந்ததும் இன்னொரு மெல்லிய பூச்சு.

வண்ணப் பொடி தூவி அடுப்பில் சுட்டெடுக்கும் முறையில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூச்சு அடியையும் தடிப்பாக்கும். அப்புறம் செக் ஏறாது. முன்பே செக் தளர்வாக இருந்தால் மட்டும் அது உங்களுக்கு உதவி.

படி 5: சோதனை

பத்துக்கு ஒன்றை எடுத்து நகத்தால் செக்கின் ஓரத்தை நெம்பிப் பாருங்கள். அசையக் கூடாது. செக்குக்கும் ஈயத்துக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் இருட்டுக் கோடு தெரிந்தால் அது சாய்ந்திருக்கிறது. அதைத் தனியே வையுங்கள், துப்பாக்கியைப் பழக்கும்போது ஆகும்.

படி 6: தோட்டாவில் ஏற்றும்போது

பித்தளைக் கூட்டின் வாயை லேசாக விரித்துவிட்டுத்தான் குண்டை இறக்க வேண்டும். விரிக்காவிட்டால் கூட்டின் ஓரம் ஈயத்தைச் சீவிவிடும். ஏற்றி முடித்ததும் விரித்ததைத் திரும்ப மூடுங்கள்.

குண்டை எவ்வளவு ஆழம் இறக்குவது? செக் கூட்டின் கழுத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். கழுத்தைத் தாண்டி மருந்து இருக்கும் வயிற்றுக்குள் தொங்கினால், சரியாகக் கடிக்காத செக் உள்ளே கழன்று விழுந்துவிடலாம்; குழலுக்குள் தனித் துண்டாகப் போனால் ஆபத்து. 30-30க்கு நீளமான கழுத்து, கவலை இல்லை. 308 வின்செஸ்டர் என்ற தோட்டாவுக்குக் குட்டைக் கழுத்து, அங்கே அளந்து பார்த்தே ஆக வேண்டும்.

மருந்தின் அளவை நான் இங்கே எழுதப்போவதில்லை. மருந்துத் தயாரிப்பாளர்களும் அச்சுத் தயாரிப்பாளர்களும் வெளியிடும், வார்ப்புக் குண்டுக்கென்றே உள்ள அட்டவணையில் உங்கள் குண்டின் எடையைப் பார்த்து, மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். செப்புறைக் குண்டின் அட்டவணையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரே மருந்துப் புட்டிதான் மேசைமேல் இருக்க வேண்டும்.

படி 7: சுட்ட பிறகு குழலைப் படிப்பது

பத்துத் தோட்டா சுட்டதும் நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்து குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். ஈயம் சேம்பரை ஒட்டி அப்பியிருந்தால் குண்டு சின்னது என்று பொருள். படி 1க்குத் திரும்புங்கள். குழல் வாயை ஒட்டி அப்பியிருந்தால் மசகு வழியிலேயே தீர்ந்துவிட்டது. பூச்சைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள். இரண்டு இடமும் சுத்தமாக இருந்து குறி மட்டும் சிதறினால் அடியைச் சந்தேகியுங்கள், சாய்ந்த செக்காக இருக்கும்.

அப்பிய ஈயத்தைக் கழற்ற ரசாயனம் தேட வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் செம்பு நாரில் நாலு இழையைப் பழைய பிரஷ்ஷில் சுற்றிக் குழலில் இழுத்தால் வெள்ளி ஜரிகை மாதிரி உதிர்ந்து வரும். நார் வாங்கும்போது கையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டினால் அது செம்புப் பூச்சுப் பூசிய இரும்பு, குழலைக் கீறிவிடும்.