வெனிஸ் போகிறீர்களா? தங்குமிடத்தின் வாசலை இங்கிருந்தே கண்டுபிடியுங்கள்

சிங்கப்பூரிலிருந்து வெனிஸுக்கு நேரடி விமானம் கிடையாது. மிலான் வரை நேரடியாகப் பறந்து, மிலானோ சென்ட்ராலே நிலையத்தில் ரயில் பிடித்தால் சுமார் இரண்டரை மணி நேரம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் ஷெங்கன் விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நம் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது; உருண்டை முனை அடாப்டர் வேண்டும்.

ரயில் டிக்கெட் போடும்போது இறங்கும் நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள். வெனேசியா மெஸ்த்ரே கரைப்பகுதியில் இருக்கிறது. வெனேசியா சாந்தா லூச்சியாதான் தீவுக்குள் இருக்கிறது. பாலம் தாண்டி இன்னும் சுமார் 10 நிமிடம்.

முகவரி: பலரும் திணறும் இடம்

நம்மூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைப் போட்டால் புளோக்கின் அடிக்கே வந்துவிடலாம். வெனிஸில் ஒரு குறியீடு ஒரு வட்டாரம் முழுவதற்கும் பொது. நகரம் ஆறு வட்டாரங்கள்: கன்னரேஜோ, காஸ்தெல்லோ, சான் மார்கோ, தோர்சொதூரோ, சான் போலோ, சாந்தா குரோச்சே. வீட்டு எண் தெருவுக்குத் தெரு ஒன்றிலிருந்து தொடங்காது; வட்டாரம் முழுக்க ஒரே வரிசையாக ஓடும். காஸ்தெல்லோவில் 6000-ஐயும் தாண்டும். ஆகவே வட்டாரப் பெயரும் எண்ணும் மட்டும் உள்ள முன்பதிவுத் தாளால் பயனில்லை. தெருப்பெயரை மட்டும் நம்பவும் முடியாது. ‘காலே தெல் ஃபோர்னோ’ என்ற பெயரில் பல சந்துகள் உண்டு.

புறப்படுவதற்கு முன் விடுதிக்கு எழுதி மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: அருகிலுள்ள படகுத்துறை எது, அங்கிருந்து வாசல் வரை எத்தனை பாலம், வாசல் எந்தச் சந்தில் திறக்கிறது. வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி, வாசலைக் குறித்துவையுங்கள். உயர்ந்த சுவர்களுக்கு இடையே ஜிபிஎஸ் புள்ளி அடுத்த சந்துக்குத் தாவும். அப்போது சுவரைப் பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் கறுப்பு எழுத்தில் தெருப்பெயர் இருக்கும். சில சந்துகள் நேரே தண்ணீரில் போய் முடியும், திரும்பித்தான் வரவேண்டும்.

பாலங்களைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் பெட்டி. வண்டிகள் நகரின் நுழைவாயிலில் உள்ள பியாசாலே ரோமா சதுக்கத்தோடு சரி. நகரில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிகள். 25 கிலோ பெட்டியோடு நான்கு பாலம் ஏறி இறங்கினால் அன்றைய நாள் அவ்வளவுதான். ஒரு கையால் தூக்கக்கூடிய பெட்டி போதும். பாலமே இல்லாமல் துறையிலிருந்து நடந்துபோகும் விடுதிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பில்லை.

படகு

இங்கே பேருந்து என்பது வப்பரெட்டோ படகு. 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, ஒரு நாள் பாஸ் 25 யூரோ. மூன்று முறை தனித்தனியாக ஏறுவதாக இருந்தால் பாஸ்தான் லாபம். ஏறுமுன் துறையில் உள்ள கருவியில் தட்டுங்கள். இறங்கும்போது தட்ட வேண்டாம். டிக்கெட் கையில் இருந்தும் தட்டாமல் ஏறினால் அபராதம் வரலாம். விமான நிலையம் செல்லும் அலிலகூனா படகுக்கு இந்த டிக்கெட் செல்லாது.

பெருங்கால்வாயைப் பார்க்க 1-ஆம் எண் படகு, விரைவாகப் போக 2-ஆம் எண். பெரிய துறைகளில் ஏ, பி என்று தனித்தனி மேடைகள் உண்டு. திசையைப் பார்த்து நில்லுங்கள். கொண்டோலா பகலில் அரை மணிக்கு ஒரு படகுக்கு 90 யூரோ. தண்ணீர் மட்டத்திலிருந்து நகரைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ரியால்தோ சந்தைக்கு அருகே 2 யூரோவுக்குக் கால்வாயைக் கடத்திவிடும் திராகெத்தோ படகு போதும்.

நுழைவுக் கட்டணம்

2024 முதல், ஏப்ரல்–ஜூலைக்குள் குறிப்பிட்ட நாள்களில் பகல்நேரப் பயணிகள் கட்டணம் கட்ட வேண்டும். 2025-இல் அது முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. இரவு தங்குவோருக்கு விலக்கு உண்டு, ஆனால் இணையத்தில் பதிந்து கியூஆர் கோடு எடுத்துவைக்க வேண்டும். தங்குவதே நல்லது; மாலையில் கூட்டம் கலைந்தபின் நகரம் உங்களுடையது.

நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் நீர்ப்புகாக் காலணி எடுங்கள். 2020 முதல் மோசே தடுப்புக் கதவுகள் கடலை மறிக்கின்றன என்றாலும், சுமார் 110 சென்டிமீட்டர் ஏற்றம் எதிர்பார்க்கப்பட்டால்தான் அவை எழும். சான் மார்கோ சதுக்கம் மிகத் தாழ்வு, அதற்குக் குறைவான ஏற்றத்திலேயே நனையும்.

சைவம் சாப்பிடுவோர் ‘சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே’ (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று இரண்டையும் சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நெத்திலி வந்துவிடும்.