சீசன் திறக்கும் நாளில் வாத்து வேட்டை: புதியவர்களுக்கான செய்முறை

அமெரிக்காவில் வாத்து சீசன் திறக்கும் வாரம் மற்ற வாரங்களைப் போன்றதல்ல. வடக்கிலிருந்து வலசை வரும் பெருங்கூட்டம் அப்போது கிளம்பியே இருக்காது. சதுப்பில் இருப்பவை பெரும்பாலும் அங்கேயே பொரித்து வளர்ந்த மல்லார்டு, வுட் டக் ஆகிய வாத்து இனங்கள்தான். கூடவே முந்திக்கொண்டு தெற்கே இறங்கும் நீலச்சிறகுக் கிளுவை என்ற சிறு வாத்துகளும் இருக்கும். துப்பாக்கிச் சத்தமே கேட்டிராத இளம் பறவைகள் நிறைய என்பதால் கிட்டத்தில் வரும். ஆனால் எல்லாமே பழுப்பு நிறத்தில் இருக்கும், வெயில் காயும், வேட்டைக்காரர் கூட்டமும் அதிகம். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இந்த மூன்றைச் சமாளிக்கும் வழிதான். (இந்தியாவில் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்துகளை வேட்டையாடுவது குற்றம். இந்தச் செய்முறையில் சொல்பவை அமெரிக்க விதிகளுக்கு உட்பட்டவை.)

படி 1: காகிதங்கள்

மாநில வேட்டை உரிமம், வேட்டையாடும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியே எச்.ஐ.பி. பதிவு (வலசைப் பறவை வேட்டைக்காரர்களைக் கணக்கெடுக்கும் திட்டத்தில் பெயர் பதிவது), 16 வயதோ அதற்கு மேலோ ஆனால் 25 டாலர் மதிப்புள்ள கூட்டாட்சி டக் ஸ்டாம்ப் (நீர்ப்பறவை வேட்டைக்கான முத்திரை) ஆகியவை வேண்டும். பல மாநிலங்கள் தங்கள் பங்குக்கு ஒரு முத்திரையும் கேட்கும். ஸ்டாம்ப்பைக் காகிதமாக வைத்திருந்தால் அதன் முகப்பில் மையால் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாத ஸ்டாம்ப் செல்லாது.

சுடும் நேரம் பொதுவாகச் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கி அஸ்தமனம் வரை. செப்டம்பர் கிளுவை சீசனில் சில மாநிலங்கள் உதயத்துக்குப் பிறகுதான் அனுமதிக்கின்றன. நாள் வரம்பு பெரும்பாலான இடங்களில் 6 வாத்து. பசிபிக் வலசைப் பாதையில் 7. அதற்குள் இனவாரியாக உள்வரம்புகள் உண்டு, அவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன வருடத் தாளை நம்பிப் போகாமல் இந்த வருட விதிப் புத்தகத்தைப் படத்துடன் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சதுப்பில் சிக்னல் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

படி 2: துப்பாக்கியும் ரவையும்

12 கேஜ் (குழல் அளவு) ஷாட்கன் போதும். மொத்தம் 3 தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி மேகஸினில் பிளக் (இடத்தைக் குறைக்கும் அடைப்புக் கட்டை) இருக்க வேண்டும். சுத்தம் செய்யும்போது கழற்றிவிட்டு மாட்ட மறப்பதுதான் வழக்கமான தவறு. முந்தின இரவே வெற்று டம்மி தோட்டாக்களைப் போட்டு எண்ணிப் பாருங்கள்.

ஈய ரவைக்கு (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளுக்கு) நீர்ப்பறவை வேட்டையில் 1991 முதல் நாடு முழுவதும் தடை. சுடாவிட்டாலும் பையில் வைத்திருந்தாலே அபராதம் உண்டு. எனவே புறா வேட்டைக்குப் போட்ட ஜாக்கெட்டின் பைகளைத் துழாவிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எஃகு ரவை ஈயத்தைவிட எடை குறைந்தது, வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். அதனால் ஈயத்தில் பழகிய அளவைவிட இரண்டு படி பெரிய ரவை வேண்டும். கிளுவைக்கு 4-ஆம் எண், மல்லார்டுக்கு 2-ஆம் எண். எண் குறையக் குறைய ரவை பெரிதாகும், எண்ணிக்கை குறையும்: ஒரு அவுன்ஸில் 4-ஆம் எண் சுமார் 190, 2-ஆம் எண் சுமார் 125. திறப்பு நாளில் பறவை கிட்டத்தில் வரும் என்பதால் ஒரே ஒரு பெட்டிதான் வாங்குவதென்றால் 3 அங்குல நீளத் தோட்டாவில் 4-ஆம் எண்ணை வாங்கலாம்.

சோக் என்பது குழல் முனையின் குறுக்கம். அதில் குறைவாகக் குறுக்கும் இம்ப்ரூவ்டு சிலிண்டர் அல்லது நடுத்தரமான மாடிஃபைடு போதும். எஃகு ரவை இறுகலாகவே பறக்கும். அதிகம் குறுக்கும் ஃபுல் சோக் போட்டால் கிட்டத்துப் பறவை தப்பும், அல்லது கூழாகும். பழைய துப்பாக்கியின் குழல் எஃகு ரவையைத் தாங்குமா என்று துப்பாக்கி மெக்கானிக்கிடம் கேட்காமல் சுட வேண்டாம்.

வீட்டிலிருந்து கிளம்புமுன் செய்ய வேண்டிய ஒரு சோதனை: 4 அடி அகலக் காகிதத்தை 35 கெஜத்தில் மாட்டி, நடுவைக் குறிவைத்து ஒரு தோட்டா சுடுங்கள். ரவைகள் அடர்ந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் வரையுங்கள். உள்ளே ஒரு கிளுவை நுழைந்து தப்பக்கூடிய வெற்றிடங்கள் தெரிந்தால் தோட்டாவை மாற்றுங்கள், அல்லது தூரத்தைக் குறையுங்கள். மூன்று காகிதத்தில் செய்தால்தான் முடிவை நம்பலாம்.

படி 3: அடையாளம் கற்றல்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கோடையில் ஆண் வாத்துகள் இறகு உதிர்த்துப் பெட்டையைப் போன்ற மங்கிய உடை பூணும். பச்சைத் தலை மல்லார்டைத் தேடினால் திறப்பு நாளில் பெரும்பாலும் கிடைக்காது. மல்லார்டு பெட்டைக்குத் தனி வரம்பு இருப்பதால் இந்தக் குழப்பம் நேராக அபராதத்தில் போய் முடியும்.

நிறம் மாறினாலும் அலகு அவ்வளவு மாறாது. மல்லார்டு ஆணின் அலகு மஞ்சள் கலந்த பச்சை. பெட்டையின் அலகு ஆரஞ்சு, நடுவில் கரிய திட்டு. கையில் எடுத்த பறவையை இப்படித்தான் பிரிக்க வேண்டும். பறக்கும்போது பார்க்க வேண்டியது இறக்கையை. மல்லார்டின் நீலப் பட்டைக்கு இருபுறமும் வெள்ளைக் கோடு. கேட்வால் வாத்துக்கு உடலை ஒட்டி ஒரு வெள்ளைச் சதுரம். வுட் டக்குக்கு நீண்ட சதுர வால், வெண்வயிறு, 'ஊ-ஈக்' என்ற கீச்சல். நீலச்சிறகுக் கிளுவைக்கு இறக்கையின் முன்பாதி வெளிர்நீலம். ஆனால் ஷவலர் வாத்துக்கும் அதே வெளிர்நீலம் உண்டு. கரண்டி மாதிரி அகன்ற அலகைப் பார்த்துப் பிரிக்கலாம். கிளுவை மட்டும் திறந்திருக்கும் செப்டம்பரில் ஷவலரைச் சுட்டுவிட்டு விழிப்பவர்கள் ஏராளம்.

முதல் 20 நிமிடம் வெளிச்சம் போதாது, நிழலுருவம் மட்டுமே தெரியும். புதியவர் அந்த 20 நிமிடத்தைச் சுடாமல் பார்ப்பதற்கு ஒதுக்கினால் நட்டம் ஒன்றுமில்லை.

படி 4: இடம்

ஓரிரு நாள் முன்பு அதே காலை நேரத்தில் பைனாகுலருடன் போய், பறவைகள் எங்கே மேய்கின்றன, வெயில் ஏறியதும் எங்கே ஓய்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் ஆயிரக்கணக்கில் இறங்கி இரவு தங்கும் நீர்நிலையில் கடை விரிக்காதீர்கள். அங்கே ஒருமுறை சுட்டால் கூட்டம் முழுக்க அந்தப் பகுதியைவிட்டே போய்விடும்.

பறவைகளை ஈர்க்கத் தானியம் தூவிய இடத்தில் வேட்டையாடுவது சட்டவிரோதம். தானியத்தை முழுதாக அகற்றி 10 நாள் ஆனால்தான் தடை நீங்கும். 'எனக்குத் தெரியாது' என்பதும் எப்போதும் எடுபடாது. தெரிந்திருக்க வேண்டிய நிலை இருந்தாலே குற்றம்.

பொது நிலத்தில் சுடும் நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பே போய்விடுங்கள். யாராவது விளக்கடித்துக் காட்டினால் அந்த இடம் பிடிபட்டுவிட்டது என்று பொருள், தள்ளிப் போங்கள். 200 கெஜமாவது இடைவெளி வேண்டும்.

படி 5: டிகாய் விரிப்பது

டிகாய் என்பது பறவைகளை ஈர்க்கத் தண்ணீரில் மிதக்கவிடும் போலி வாத்து. திறப்பு நாளுக்கு 12 டிகாய் தாராளம், 6 இருந்தாலும் வேலை நடக்கும். இந்தப் பருவத்தில் பெட்டை நிற டிகாய்களே இயல்பாகத் தெரியும். கயிறு தண்ணீர் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் டிகாய் நகர்ந்து போகாது.

வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி உட்காருங்கள் என்பது பாடப்புத்தக விதி. ஆனால் அப்போது பறவை நேராக உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரும். காற்று பக்கவாட்டில் வீசும்படி அமர்வது புதியவருக்கு இன்னும் நல்லது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். டிகாய்களை இரண்டு குழுவாகப் பிரித்து, உங்களிடமிருந்து 15 முதல் 20 கெஜத்தில் பறவை இறங்குவதற்கு நடுவில் வெற்றிடம் விடுங்கள். கடைசி டிகாயை 30 கெஜத்தில் போட்டால் அதுதான் உங்கள் எல்லைக்கல். அதைத் தாண்டிய பறவைக்குத் துப்பாக்கி எழக்கூடாது.

காற்றில்லாத காலையில் தண்ணீர் கண்ணாடியாக நிற்கும், டிகாய் செத்துக் கிடப்பதாகத் தெரியும். நான்கு டிகாயை ஒரே கயிற்றில் கட்டி, ஒரு முனையை ரப்பர் பட்டையுடன் நங்கூரத்தில் பொருத்தி, மறுமுனையை மறைவிடத்திலிருந்து இழுத்து இழுத்து விடுங்கள். மின்கலத்தால் இறக்கை சுழலும் டிகாய்களைச் சில மாநிலங்கள் கட்டுப்படுத்துகின்றன. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடும் கருவிக்கு வாத்து வேட்டையில் எங்கும் தடை.

படி 6: மறைவதும் சுடுவதும்

மறைவிடத்தை அங்கிருக்கும் கோரையாலேயே மூடுங்கள். காட்டிக்கொடுப்பது உடையைவிட அண்ணாந்து பார்க்கும் முகம்தான், கூடவே காலடியில் மின்னும் காலித் தோட்டாக்களும். முகத்தை மூடி, தொப்பி விளிம்புக்குக் கீழிருந்து பாருங்கள். வாத்துக் குரல் எழுப்பும் ஊதுகுழலில் சாதாரண 'குவாக்' ஒன்று கற்றால் போதும். வந்துகொண்டிருக்கும் பறவைக்கு ஊதவே வேண்டாம்.

இருவர் இருந்தால் நடுவில் ஒரு கோடு கிழித்து, அவரவர் பக்கம் மட்டுமே சுட வேண்டும். விழுந்த பறவையை எடுத்துவரும் நாய் வெளியே இருக்கும்போது தாழப் பறக்கும் பறவையை விட்டுவிடுங்கள். படகு நகரும்போதும் சேற்றில் நடக்கும்போதும் துப்பாக்கி காலியாக இருக்கட்டும். வேடர்ஸின் (நீரில் இறங்க அணியும் நீர்புகாக் கால்சட்டையின்) இடுப்புப் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும். விழுந்தால் உள்ளே தண்ணீர் ஏறுவதை அது தாமதப்படுத்தும்.

கூட்டத்தைப் பார்த்துச் சுட்டால் ஒன்றும் விழாது. ஒரு பறவையைத் தேர்ந்து, அதன் பின்னாலிருந்து தொடங்கி அலகைக் கடந்ததும் விசையை அழுத்தி, கையை நிறுத்தாமல் தொடருங்கள். கை நின்றால் ரவை வாலுக்குப் பின்னால் போகும். சத்தம் கேட்டு எழும்பும் பறவைக்குத் தலைக்கு மேலே பிடியுங்கள்.

விழுந்த இடத்தை ஒரு கோரைக் கொத்தோடு பொருத்தி மனத்தில் குறித்து, அடுத்த பறவையைப் பார்க்காமல் உடனே எடுக்கப் போங்கள். தண்ணீரில் தலை நிமிர்ந்து நீந்தினால் அது காயம்பட்டது. மூழ்கி ஒளிவதற்குள், பின்னால் ஆளில்லை என்று பார்த்துவிட்டு, தலையைக் குறிவைத்து மறுபடி சுட வேண்டும்.

படி 7: இறைச்சி

வெயில் நாளில் வாத்துகளைக் குவித்தோ பிளாஸ்டிக் பையில் போட்டோ வைத்தால் ஒரு காலையிலேயே கெடும். நிழலில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, ஓரிரு மணி நேரத்தில் குடலை எடுத்து, ஐஸ் பெட்டியில் தண்ணீர் படாமல் வையுங்கள். 2021 இறுதியிலிருந்து வட அமெரிக்கக் காட்டுப் பறவைகளிடம் பறவைக் காய்ச்சல் பரவியிருப்பதால் கையுறை போடுங்கள், செத்துக் கிடக்கும் பறவையைத் தொடாதீர்கள்.

இளம் பறவைகளில் முளைத்தும் முளைக்காத இறகுக் குருத்துகள் தோலெங்கும் இருக்கும். பறிப்பதற்குப் பதில் தோலோடு உரிக்கலாம். ஆனால் வீடு சேரும் வரை இறகுள்ள ஒரு சிறகோ தலையோ உடலோடு ஒட்டியிருக்க வேண்டும், அதிகாரி இனத்தைக் கண்டறிவது அதை வைத்துத்தான். நண்பரிடம் கொடுத்தனுப்பினால் உங்கள் பெயர், முகவரி, கையெழுத்து, இனம், எண்ணிக்கை, சுட்ட தேதி எழுதிய சீட்டை அதில் கட்டிவிடுங்கள்.