கொதித்தாலும் போகாத நஞ்சு: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்றாக வறுத்தோம், கொதிக்க வைத்தோம், பிறகென்ன பயம் என்று கேட்போர் எங்கள் வீடுகளில் பலர். பூஞ்சணத்தையும் பற்றீரியாவையும் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியே. ஆனால் அவை சாவதற்கு முன் உணவிலோ நீரிலோ விட்டுச்சென்ற நஞ்சு உயிரற்ற இரசாயனப் பொருள். அடுப்பு வெப்பத்துக்கு அவற்றிற் பல அசைவதில்லை. கீழ்வரும் தவறுகளிற் பெரும்பாலானவை இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன.

முதலிற் பேச வேண்டியது கச்சான். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களின் மேட்டுக்காணிகளில் விளையும் இப்பயிரில் அஸ்பர்ஜிலஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணம் தொற்றினால் அபிளாரொக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டு, அவற்றுக்கு இட்ட தீனியில் இருந்த கச்சான் பிண்ணாக்கே காரணமெனத் தெரியவந்த பின்னரே இந்த நஞ்சு இனங்காணப்பட்டது. மனிதரில் ஈரற் புற்றுநோயை உண்டாக்குவதாக உறுதிசெய்யப்பட்ட பொருள் இது. ஈரலைத் தாக்கும் ஹெப்பரைரிஸ் பி வைரசு தொற்றியவர்களுக்கு ஆபத்து பன்மடங்கு.

காய் முற்றும் நாட்களில் மழை பொய்த்து நிலம் வெடித்தால் மண்ணுக்குள்ளேயே பூஞ்சணம் புகுந்துவிடும். அது எம் கையில் இல்லை. பிடுங்கிய பின் நடப்பதே எம் கையில் உள்ளது. கோது உலர்ந்ததைக் கண்டவுடன் உரப்பையில் இறுகக் கட்டிச் சீமெந்து நிலத்தில் சுவரோடு சாய்த்து வைப்பது தவறு. உள்ளே பருப்பின் ஈரம் 7 அல்லது 8 வீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலக்க வேண்டும், விரலால் உரசினால் அதன் தோல் கழர வேண்டும். அதன்பின் காற்றுப் புகும் சணற்சாக்கில், மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டு விலக்கி அடுக்கலாம். கோதுடைக்க இலகுவென்று தண்ணீர் தெளிப்பது, காய வைத்த பாடு முழுவதையும் வீணாக்கும்.

இவற்றிலும் மோசமான தவறு தெரிவு செய்யும்போது நடக்கிறது. திரண்ட பருப்பு வியாபாரிக்கு, சுருங்கியது வீட்டுக்கு, அதிலும் கழிந்தது மாட்டுக்கும் செக்குக்கும் என்று பிரிப்பது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் ஒரு மூட்டையின் நஞ்சிற் பெரும்பகுதி சில பருப்புகளிலேயே குவிந்திருக்கும்; சுருங்கியவையும், நிறம் மாறியவையும், பிளந்தால் நடுவே பசுமஞ்சள் தூள் படிந்தவையும் பெரும்பாலும் அவையே. விற்கத் தகாததென்று ஒதுக்கியதைப் பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுப்பது என்ன கணக்கோ தெரியவில்லை. வறுப்பதால் நஞ்சு ஓரளவு குறையும், இல்லாமற் போகாது. எண்ணெய் ஆட்டினால் அது பெரும்பாலும் பிண்ணாக்கிலே தங்கும். அதைத் தின்ற பசுவின் பாலில் ஒரு நாளுக்குள் வேறு வடிவில் வெளிப்படும், பாலைக் காய்ச்சினாலும் நீங்காது. வாத்துக்குஞ்சுகளுக்கு அந்தப் பிண்ணாக்கு சிறிதளவும் ஆகாது.

சோறும் மீனும் இதே வகைதான். மத்தியானம் வடித்த சோற்றை இரவு வரை பானையில் மூடி வைத்தால், வேகும்போது சாகாத, பசிலஸ் சீரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள் முளைத்து நஞ்சைச் சுரக்கலாம். 121 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கும் அந்த நஞ்சைச் சூடாக்கிப் போக்க முடியாது. மிஞ்சும் சோற்றை அகன்ற பாத்திரத்திற் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிரூட்டியில் வைப்பதே வழி. சூரை, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலிற் கிடந்தால் பற்றீரியாக்கள் அவற்றில் ஹிஸ்ரமின் என்னும் இரசாயனப் பொருளைப் பெருக்கும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கும். அதை மீன் ஒவ்வாமை என்று எண்ணி அந்த மீனையே விலக்குவோரும் உண்டு.

இனிக் குளம். வயலிலிருந்து கழுவுண்ட உரம் சேர்ந்த நீர், கோடையில் வற்றி அசையாதிருக்கும்போது பச்சைப் பெயின்ற் ஊற்றியது போன்ற படை எழும். அது நீலப்பச்சை அல்காவாக இருந்தால், அவற்றிற் சில ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்ரின் என்னும் நஞ்சைச் சுரக்கும். குடிநீரில் அதில் முக்கியமான ஒரு வகைக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு லீற்றருக்கு 1 மைக்கிரோகிராம் மட்டுமே. அந்த நீரைக் கொதிக்க வைத்தால் கலங்கள் வெடித்து நஞ்சு நீரிற் கலக்கும். அல்காவைக் கொல்லச் செப்புச் சல்பேற்றுப் போட்டாலும் அதுவே நடக்கும். தெளிந்துவிட்டதென்று நம்பி அள்ளும் நாளிலேயே நஞ்சு மிகுந்திருக்கக் கூடும். நீண்ட தடியொன்றை விட்டு எடுத்துப் பாருங்கள்: நூல் நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி, பூசியது போல் ஒட்டிக்கொண்டால் மாட்டை அந்தக் கரையில் இறக்கக் கூடாது. காற்று அந்தப் படையை ஒரு பக்கமாகத் தள்ளி ஒதுக்குவதால், எதிர்க்கரையில் நீர் காட்டுவது ஆபத்தைக் குறைக்கும். அக்காலத்திற் பிடித்த குளத்து மீனின் குடலையும் ஈரலையும் நீக்கிவிட வேண்டும். மீன்கள் செத்து மிதந்தால் அவற்றை அள்ளிக் கருவாடு போடாமல், அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அன்றைக்கே அறிவிக்க வேண்டும்.