பாடத்திட்டக் குழுவுக்கு ஆசிரியர் பிரதிநிதிகள்: வாக்காளர் பட்டியல் முதல் ஓட்டு எண்ணிக்கை வரை

ஓர் அலைட் தாள், அதாவது முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடம், கணிதத் துறையிலிருந்து கணினித் துறைக்குப் போனால், அதோடு வாரத்துக்கு நாலைந்து மணிநேர வகுப்பும் போகிறது. உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி வைத்திருக்கும் அளவு வாரம் 16 மணிநேரம். மூன்று பிரிவுகளில் இப்படி நடந்தால் ஏறக்குறைய ஓர் ஆசிரியரின் பணியிடமே கேள்விக்குள்ளாகும். பாடத்திட்டக் குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதில் துறைகளுக்கு இருக்கும் பதற்றம் நியாயமானது.

ஆனாலும் அந்த உறுப்பினர்களைப் பிடிக்கும் விதம் பெரும்பாலும் இப்படித்தான்: ஸ்டாஃப் மீட்டிங் முடியும் நேரம், எல்லோருக்கும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், "யார் இருக்கீங்க?" என்று முதல்வர் கேட்கிறார், யாரோ ஒரு சீனியர் பெயரைச் சொல்கிறார், கைகள் உயர்கின்றன, மினிட்ஸில் "ஒருமனதாக" என்று ஏறிவிடுகிறது. முதல்வர் பார்க்கக் கையைத் தூக்காமல் இருக்க எந்த ஜூனியருக்குத் துணிச்சல் வரும்? ரகசிய ஓட்டு வைப்பது அப்படியொன்றும் கடினமல்ல. முறையாகச் செய்ய மூன்று வாரம் போதும்.

முதலில் எந்தக் குழு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (ஒரு துறையின் பாடத்திட்டத்தை வகுக்கும் குழு), அகடமிக் கவுன்சில் (கல்லூரியின் கல்விக் குழு) இரண்டின் அமைப்பையும் யுஜிசி விதிகளே சொல்லிவிடுகின்றன. போர்டுக்குத் துறைத்தலைவர்தான் தலைவர். துறை ஆசிரியர்களோடு வெளி வல்லுநர்கள், துணைவேந்தரின் நியமனம், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் என்று இடங்கள் நிர்ணயிக்கப்பட்டவை. கவுன்சிலில் ஆசிரியர் பிரதிநிதிகள் பணிமூப்புச் சுழற்சியில் வருகிறார்கள். அங்கே தேர்தல் வைத்தால் தீர்மானங்களே செல்லாமல் போகலாம். தேர்தலுக்கு இடம் இருப்பது, எல்லாத் துறைகளின் தாள்களையும் கிரெடிட்டையும் சேர்த்துப் பார்க்கும் கல்லூரி மட்டப் பாடத்திட்டக் குழுவில்தான். அதற்கும் ஆட்சிக்குழுவிடம் ஒரு தீர்மானம் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை இடம், எத்தனை ஆண்டு, யாருக்கு ஓட்டு, எந்த முறையில் எண்ணுவது என்ற நான்கும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

வாக்காளர் பட்டியல்

சண்டை வருவது ஓட்டுப்பதிவு அன்றல்ல, இங்கேதான். சென்னையின் பழைய கல்லூரிகள் பலவற்றில் காலை ஷிப்ட் எய்டட் (அரசு உதவி பெறுவது), மதிய ஷிப்ட் செல்ஃப் ஃபைனான்ஸ் (சுயநிதி). சம்பளப் பட்டியலும் இரண்டு, வருகைப் பதிவேடும் இரண்டு. அலுவலகத்தில் "ஸ்டாஃப் லிஸ்ட்" என்று கேட்டால் பாதிப் பட்டியல்தான் கைக்கு வரும். இரண்டையும் வாங்கி, நடப்பு செமஸ்டர் டைம்டேபிளோடு ஒப்பிடுங்கள். டைம்டேபிளில் வகுப்பு இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை என்றால் அவர் பெரும்பாலும் கெஸ்ட் லெக்சரராக இருப்பார்.

அவருக்கு ஓட்டு உண்டா? தொடர்ந்து இரண்டு செமஸ்டர் பாடம் எடுத்திருந்தால் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. எந்த யூனிட் 15 மணிநேரத்தில் முடியாது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் போட்டியிடலாமா என்பது ஒப்பந்தக் காலத்தைப் பொறுத்தது. முடிவு எதுவானாலும் அறிவிப்பிலேயே இருக்கட்டும். மகப்பேறு விடுப்பிலும் எஃப்டிபி (ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம்) விடுப்பிலும் இருப்பவர்களின் பெயரை நீக்கக் கூடாது.

வரைவுப் பட்டியலை இரண்டு ஷிப்டின் ஸ்டாஃப் ரூமிலும் ஒட்டி, ஆட்சேபத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். வாட்ஸாப் குரூப்பில் மட்டும் போட்டால் நாற்பது "குட் மார்னிங்"குக்குக் கீழே அது காணாமல் போய்விடும்.

இடங்களைப் பிரிப்பது

துறைக்கு ஓர் இடம் என்றால் குழு முப்பது பேராகிவிடும். எல்லோருக்கும் சேர்த்து ஐந்து இடம், ஆளுக்கு ஐந்து டிக் என்று சாதாரண ஓட்டு வைத்தால் வணிகவியல் ஐந்தையும் அள்ளிவிடும். பி.காம். பொது, கார்ப்பரேட் செகரட்டரிஷிப், அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ் என்று பல பிரிவுகளோடு ஆள்பலம் அங்கேதான் அதிகம். தாவரவியலில் நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் குரல் கேட்கவே கேட்காது.

இதற்குச் சரியான வழி, ராஜ்ய சபா தேர்தலில் நம் எம்.எல்.ஏ.க்கள் போடும் ஒற்றை மாற்று ஓட்டு. ஒருவருக்கு ஓட்டு ஒன்றுதான், ஆனால் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடலாம். தமிழ்நாட்டில் ஆறு இடத்துக்குத் தேர்தல் நடக்கும்போது "34 பேர் ஆதரவு வேண்டும்" என்று செய்திகளில் வருமே, அந்தக் கணக்குதான். ஐந்து இடத்தையும் ஒரே தொகுதியாக வையுங்கள். மொழிக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று என்று ஒற்றை ஒற்றையாக வெட்டினால் இந்த முறையின் பலனே போய்விடும்.

மனுவும் சீட்டும்

தேர்தல் அலுவலராக ஓட்டும் இல்லாத, போட்டியிலும் இல்லாத ஒருவர் வேண்டும். மனுவில் வேட்பாளரின் ஒப்புதல் கையெழுத்து, முன்மொழிபவர், வழிமொழிபவர் மூன்றும் அவசியம். வழிமொழிபவர் வேறு துறைக்காரராக இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். வேட்பாளர் தன் துறையைத் தாண்டி ஒருவரிடமாவது பேச வேண்டிவரும். மனு வாங்க ஐந்து வேலைநாள், பரிசீலனைக்கு ஒரு நாள், வாபஸுக்கு ஒரு நாள்.

தேதி குறிக்கும்போது நவம்பர், டிசம்பரைத் தவிருங்கள். செமஸ்டர் தேர்வு, பேப்பர் திருத்தும் முகாம், மழை விடுமுறை எல்லாம் அப்போதுதான். ஆகஸ்ட் அல்லது பிப்ரவரி நல்லது. காலண்டரில் முகூர்த்த நாளா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பாதிப்பேர் லீவில் இருப்பார்கள். பெட்டி காலை 11.30 முதல் 3.30 வரை இருந்தால் இரண்டு ஷிப்டும் போட்டுவிடலாம்.

120 வாக்காளருக்கு 130 சீட்டு அடித்தால் போதும், ஏ4 தாளில் பாதி அளவு. பின்புறம் அலுவலரின் சுருக்கொப்பம் இருக்கட்டும், ஆனால் வரிசை எண் கூடாது. யார் எந்தச் சீட்டைப் போட்டார் என்பதை எண் காட்டிக்கொடுத்துவிடும். பெயர்களை இனிஷியலை விட்டுவிட்டு அகரவரிசையில் போட்டு, பக்கத்தில் துறையை எழுதுங்கள். கூகுள் ஃபார்ம் வேண்டாம்: இமெயில் கேட்டால் ரகசியம் போச்சு, கேட்காவிட்டால் ஒருவரே பலமுறை போடலாம்.

செல்லாத ஓட்டு எது என்பதைச் சீட்டிலேயே அச்சிடுங்கள். "1" இல்லாதது, இரண்டு பேருக்கு "1" போட்டது, டிக் மட்டும் அடித்தது, கையெழுத்துப் போட்டது எல்லாம் செல்லாது. 1, 2 போட்டு மூன்றை விட்டு 4 போட்டிருந்தால் சீட்டு செல்லும், ஆனால் இரண்டாவது விருப்பம் வரைதான்.

எண்ணுவது

சீட்டுக்கு 100 மதிப்பு. 120 செல்லும் ஓட்டு என்றால் மொத்தம் 12,000. இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுத்து, ஒன்றைச் சேருங்கள்: 12,000 ÷ 6 + 1 = 2,001. இதுதான் கோட்டா. நேரடியாக ஜெயிக்க 21 முதல் விருப்பம் வேண்டும்.

ஒருவருக்கு 30 சீட்டு, அதாவது 3,000 வந்தால் உபரி 999. அவருடைய 30 சீட்டையும் பிரித்து இரண்டாம் விருப்பம் பாருங்கள். 18-ல் தாவரவியல் வேட்பாளர், 9-ல் தமிழ்த்துறை வேட்பாளர், 3-ல் வேறு யாரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மாற்றக்கூடியவை 27. 999 ÷ 27 = 37. தாவரவியலுக்கு 18 × 37 = 666, தமிழுக்கு 9 × 37 = 333 சேரும். மூன்று சீட்டும் ஜெயித்தவர் கட்டிலேயே இருக்கும். அதிகம் தவறு நடப்பது இங்கேதான்: மேலே இருக்கும் 9 சீட்டை மட்டும் உருவி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் எந்தச் சீட்டு மேலே கிடந்தது என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். எண்ணுகிறவர்களுக்கு முந்தின நாளே பத்துப் போலிச் சீட்டு வைத்து ஒத்திகை கொடுங்கள்.

உபரி தீர்ந்தும் இடம் நிரம்பவில்லை என்றால், கடைசியில் இருப்பவரை நீக்கி அவர் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு அதே மதிப்பில் மாற்றுங்கள். இருவர் சமமாகக் கடைசியில் நின்றால் முந்தைய சுற்றில் குறைவாக இருந்தவர் போவார். அதுவும் சமம் என்றால் குலுக்கல். மிச்ச இடமும் மிச்ச வேட்பாளரும் ஒரே எண்ணிக்கையானால் கோட்டா எட்டாமலே தேர்வாகிவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றின் கணக்கையும் ஒரே தாளில் எழுதி, வேட்பாளர்களின் முகவர்களிடம் கையெழுத்து வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கட்டி, அரக்கு வைத்து, பதவிக்காலம் முடியும்வரை அலுவலக பீரோவில் பூட்டிவையுங்கள். நடுவில் ஒருவர் ஓய்வு பெற்றாலோ வேறு கல்லூரிக்குப் போனாலோ இடைத்தேர்தல் தேவையில்லை. அவரை ஜெயிக்கவைத்த சீட்டுகளை மட்டும் திறந்து, அவற்றில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று எண்ணினால், அவர் இடத்துக்கு வர வேண்டியவர் கிடைத்துவிடுவார். இந்த விதியும் முதல் தீர்மானத்திலேயே இருந்தால்தான் அப்போது யாரும் ஆட்சேபிக்க முடியாது.