அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்கு எவ்வளவு கொடுப்பது? ஒரு பழைய கிராணியின் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதியே காலத்தை ஓட்டியவன் நான். வேலையை விட்ட பிறகும் கணக்கு என்னை விடவில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவையோ அப்பாவையோ பார்த்துக்கொள்ள தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கமிருந்து ஓர் அக்காவை அமர்த்துகிறார்கள். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். என்ன சம்பளம் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சொல்வது இதுதான்: “சமூக நல இலாகா மாதம் 500 வெள்ளி கொடுக்குது கிராணி ஐயா, அதை அப்படியே கொடுத்துடறோம்.”

அங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. அந்த 500 வெள்ளி (ரிங்கிட்), படுக்கையில் இருக்கும் நோயாளியையும் மாற்றுத்திறனாளியையும் வைத்துப் பார்க்கும் குடும்பத்துக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை. ஒருத்தியின் உழைப்புக்கு அரசாங்கம் போட்ட விலை அல்ல. முதலில் சம்பளத்தை முடிவு பண்ணுங்கள். உதவித்தொகை அதில் எவ்வளவை அடைக்கும் என்பது அப்புறம்.

மணியிலிருந்து தொடங்குங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காலையில் வந்ததும் பெம்பஸ் மாற்றுவது, வெந்நீரில் உடம்பைத் துடைப்பது, முதுகில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது, விரிப்பை மாற்றுவது, கஞ்சி கொடுப்பது. கஞ்சி கொடுப்பதை மட்டும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். பக்கவாதம் வந்தவருக்குப் புரையேறாமல் ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினால் முக்கால் மணி நேரம் போய்விடும். “சும்மா ரெண்டு வாய் ஊட்டணும்” என்று சொன்ன மகனை ஒருநாள் ஊட்டச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் சம்பளத்தில் பேரம் பேசவில்லை.

சரி, காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு, வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 30 மணி நேரம், 52 வாரத்தை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 130. இதற்கு 500 வெள்ளி கொடுத்தால் மணிக்கு 3 வெள்ளி 85 காசு.

அடிமட்டக் கோடு எது? மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கியது. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டில் அது வந்துவிட்டது. ஆனால் இந்த உத்தரவு வீட்டுப் பணியாளர்களைச் சேர்க்கவில்லை. நீங்கள் நேரடியாக வீட்டில் வைக்கும் அக்கா பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் போவார். முதியோர் இல்லமோ ஏஜென்சியோ ஆள் வைத்தால் 1,700 கட்டாயம், உங்கள் வீட்டில் என்றால் சட்டம் கேட்காது. சட்டம் கேட்கவில்லை என்பதற்காகக் குறைத்துக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அதனால் நான் போடும் கணக்கு இது: 1,700ஐ 12ஆல் பெருக்கி, 52ஆல் வகுத்தால் ஒரு வாரச் சம்பளம். அதை வார வேலைநேர உச்சவரம்பான 45ஆல் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு. இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

மேலே சொன்ன 130 மணி நேரத்துக்கு அது 1,133 வெள்ளி 60 காசு. உதவித்தொகை 500 போக 633 வெள்ளி 60 காசு மிச்சம். மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 211 வெள்ளி 20 காசு. இப்படிப் பிரித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் பாதி சண்டை அடங்கிவிடும். மூக்குக் குழாயில் உணவு கொடுப்பது, தனியாளாகத் தூக்கி உட்கார வைப்பது என்றிருந்தால் மணிக்கு 10 வெள்ளிக்குக் குறைந்து நான் எழுதுவதில்லை. இராத் தங்கல் தனிக் கணக்கு. தூங்கும் நேரமும் வேலை நேரம்தான், நோயாளி கூப்பிட்டால் எழுந்தாக வேண்டுமே.

பணம் வரும் வேறு வழிகளையும் பாருங்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் வாங்குபவருக்கு எப்போதும் ஆள் துணை தேவை என்று மருத்துவக் குழு சொன்னால், மாதம் 500 வெள்ளி தனியாகக் கிடைக்கும். தோட்டத்தில் சந்தா கட்டிய பலர் இதைக் கேட்பதே இல்லை. பழைய சம்பளச் சீட்டைத் தேடி எடுங்கள்.

அரசாங்கப் பணத்தில் ஆள் வைத்தால் சம்பளத்தையும் அரசாங்கமே பேசி முடிக்கட்டும் என்பது வேறு இடத்தில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் நிறுத்துவதும் நோயாளியின் உரிமை. சம்பளத்தைப் பேச 2006இல் சட்டப்படி ஒரு மன்றம் அமைத்தார்கள்; 2015இல் தொழிற்சங்கத்தோடு பேசி, 2018க்குள் மணிக்கு 15 டாலர் என்று முடிவு செய்தார்கள். இங்கே அப்படியொரு மேசை இல்லாத வரைக்கும் வீட்டு மேசைதான்.

பேசியதைத் தாளில் எழுதுங்கள். நேரம், மணிக்கூலி, வார ஓய்வு நாள், சம்பள தேதி. குறைந்தபட்ச சம்பளம் ஏறினால் மணிக்கூலியும் அதே விகிதத்தில் ஏறும் என்று ஒரு வரி. சட்டப்படி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது அதைப் பரிசீலிக்க வேண்டும் என்பதால் இந்த வரி வீண்போகாது. சொக்சோவில் பதிவும் செய்யுங்கள். வீட்டுப் பணியாளருக்கும் 2021 ஜூனிலிருந்து அது கட்டாயம். தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டால் பாதுகாப்பு வேண்டும்.

கடைசியாக, பேசக் கூச்சப்படும் ஒரு விஷயம். நோயாளி ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா? அக்காவைக் காத்திருக்கச் சொன்னால் உண்டு. நோயாளி இறந்துவிட்டால்? வீட்டுப் பணியாளரை நிறுத்த வேலைச் சட்டம் கேட்பது 14 நாள் முன்னறிவிப்பு. சாவு முன்னறிவிப்புக் கொடுத்து வருவதில்லை. அதனால் 14 நாள் சம்பளத்தைக் கருமாதிச் செலவோடு சேர்க்காமல் தனியாகக் கொடுப்பதாக எழுதுங்கள். அந்த வரியை நானே எழுதி, இரண்டு தரப்புக்கும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன்.