சாலையோரம் கிடக்கும் கேட்பாரற்ற வண்டியை எடுக்க வைப்பது எப்படி?

எங்கள் ஊர் ஏரிக்கரை வளைவில் ஒரு பழைய மினி லாரி எட்டு மாதம் நின்றது. பாதி தார் மேல், பாதி மண் மேல், சக்கரத்தைச் சுற்றிப் புல். விடியற்காலை இருட்டில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன ஒருவர் அதன் பின்னால் மோதிக் கையை உடைத்துக்கொண்ட பிறகுதான் நாங்கள் மனு எழுத உட்கார்ந்தோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. நீங்கள் அதுவரை காத்திருக்காதீர்கள்.

முதலில், வண்டியைத் தொடாதீர்கள். கதவைத் திறப்பது, தள்ளி ஓரங்கட்டுவது, பேட்டரியைக் கழற்றுவது எதுவுமே வேண்டாம். திருட்டு வண்டியாக இருந்தால் கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். வெளியே நின்றபடியே பாருங்கள். உள்ளே ஆள் கிடந்தாலோ, ரத்தக்கறை தெரிந்தாலோ, நம்பர் பிளேட் கழற்றப்பட்டிருந்தாலோ உடனே 112-க்கு அடியுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையா? சரி, பக்கத்து டீக்கடையிலும் பஞ்சர் கடையிலும் விசாரியுங்கள். இன்ஜின் போய்ப் பழுதுபார்க்கக் காசில்லாமல் விட்டது, அண்ணன் தம்பி பாகத் தகராறில் நிற்பது என்று பல நேரம் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். ஆள் தெரிந்தால் நேரில் போய், "அண்ணே, ராத்திரியில யாராவது வந்து மோதிருவாங்க, டிராக்டர் வச்சாவது இழுத்துப் போட்டுருங்க" என்று தன்மையாகச் சொல்லிப் பாருங்கள். தெரியாவிட்டால் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போடுங்கள். பெயர் முழுதாக வராது, ஆனால் எந்த ஆர்டிஓ பதிவு, இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது என்பதெல்லாம் வரும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போட்டோ. ஒரே நாளில் பத்துப் படம் எடுப்பதைவிட, ஒரே இடத்தில் நின்று இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படம் போதும், வண்டி நகரவில்லை என்று அதுவே சொல்லிவிடும். சாலையில் எத்தனை அடியை அடைத்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

இனி மனு. உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்கு எழுதுங்கள், ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு நகல். இடம், வண்டி எண், நிறம், எத்தனை நாளாக நிற்கிறது, என்ன ஆபத்து, அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127 என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். பொது இடத்தில் 10 மணி நேரம் அல்லது அதற்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல உத்தரவிடும் அதிகாரம் போலீசுக்கு அந்தப் பிரிவில் இருக்கிறது. போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் 10 மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை, செலவும் உரிமையாளருடையது. மனுவைக் கொடுத்துவிட்டுச் சும்மா வந்துவிடாதீர்கள், மனுவைப் பதிவு செய்துகொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் முதல் தடவை வாங்காமல் வந்தோம், அந்தத் தாள் எங்கே போனது என்றே பிறகு யாருக்கும் தெரியவில்லை.

மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை, அதன் உதவி எண் 1033-க்கும் சொல்லுங்கள். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, நகலை நெடுஞ்சாலைத் துறைக்கும் அனுப்புங்கள்.

வண்டியை எடுக்கும்வரை இரவுதான் பயம். தழையும் கல்லும் வைப்பது நம் வழக்கம், ஆனால் தழை இருட்டில் தெரியாது, கல்லே இன்னொருவரைக் கவிழ்த்துவிடும். பழைய சாக்கில் மண் நிரப்பி, அதில் ஒரு கம்பை நட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விற்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பை அதில் சுற்றி, வண்டிக்குச் சற்று முன்பே தார் ஓரமாக வையுங்கள். வளைவாக இருந்தால் இரண்டு பக்கமும் வேண்டும்.

இரண்டு வாரம் ஆகியும் அசையவில்லையா? சிஎஸ்ஆர் நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள், அல்லது முதல்வரின் உதவி மைய எண் 1100-ல் பதிவு செய்யுங்கள். கிராம சபை பக்கத்தில் வந்தால் அங்கேயும் எழுப்பித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எங்களுக்குக் கடைசியில் வேலை நடந்தது கலெக்டர் அலுவலக மனுவில்தான்.

அப்புறம், வண்டி போன அன்றே அந்த இடத்தைக் கூட்டிவிடுங்கள். எங்கள் லாரிக்கு முட்டுக் கொடுத்திருந்த கல் அப்படியே கிடந்து, மறுநாள் சாயங்காலம் ஒரு மொபெட் அதில் ஏறிச் சறுக்கியது.