ஸ்போட் தட்டின் வயதைக் கண்டறியும் முறை

பழைய ஆங்கிலேயத் தட்டு ஒன்று கைக்கு வந்தால், அதன் முகப்பிலுள்ள ஓவியத்தை நம்பி வயதை முடிவு செய்யக் கூடாது. இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் 1770-இல் ஜோசையா ஸ்போட் தொடங்கிய தொழிற்கூடம், இத்தாலிய இடிபாடுகளை நடுவிலும் கீழைநாட்டுப் பூவேலையை விளிம்பிலும் கொண்ட ‘ப்ளூ இட்டாலியன்’ வடிவத்தை 1816-இல் வெளியிட்டது. அது இன்றும் விற்பனையாவதால், ஒரே காட்சியைத் தாங்கிய இரு தட்டுகளுக்கு இடையே இருநூறு ஆண்டு இடைவெளி இருக்கலாம்.

ஆகவே முதலில் தட்டைக் கவிழ்த்து முத்திரையைப் படியுங்கள். 1833-இல் வில்லியம் டெய்லர் கோப்லாண்டும் தாமஸ் காரெட்டும் நிறுவனத்தை வாங்கினர். 1847 வரை இருவர் பெயரும், பிறகு கோப்லாண்ட் பெயரும் முத்திரையில் இடம்பெற்றன. 1970-இல் நிறுவனமே மீண்டும் ஸ்போட் என்று பெயர் மாறியது. எனவே ‘ஸ்போட்’ என்று மட்டும் இருக்கும் தட்டு மிகப் பழையதாகவும் இருக்கலாம், அண்மைக் காலத்ததாகவும் இருக்கலாம். விற்பவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் சொல்வார்கள். ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் உடனிருந்தால் ஐயம் பெருமளவு தீரும். இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் வேண்டும் என்று 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் விதித்ததால், 1891 முதல் அச்சொல் பரவலாயிற்று. ஆனால் அது இல்லாததை மட்டும் வைத்துப் பழைமையை நிறுவ முடியாது.

அடுத்து, வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்து, மண் ஈரமாக இருந்தபோது அழுத்திய குறி தென்படுகிறதா என்று தேடுங்கள். கோப்லாண்ட் காலத் தட்டுகள் பலவற்றில், மாதத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தும் அதன் கீழே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் பதிந்திருக்கும். மெருகு, அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு, நிரம்பிக் குறி மங்கியிருந்தால், விரல் நுனியால் தடவிப் பார்ப்பதே எளிது.

இறுதியாக, விளிம்பைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். செப்புத் தகட்டில் செதுக்கிய ஓவியத்தை மெல்லிய தாளில் அச்சிட்டு, அத்தாளை ஒருமுறை சுட்ட தட்டின் மேல் ஒட்டித் தேய்த்து, தாளைக் கழுவி நீக்கிய பின்னரே மெருகு பூசினார்கள். பூவேலைத் தாளின் இரு முனைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு பூ பாதியில் அறுந்தோ, ஓர் இலை மற்றொன்றின் மேல் ஏறியோ நிற்கும். இதைப் பழுதென்று ஒதுக்கிவிடாதீர்கள்; தாள் கையால் ஒட்டப்பட்டதற்கான தடயம் அது.